சவுரியம்மாவின் லாரி தேறாது

இன்ஷூரன்ஸ் தொழிலில் பாலிசி எடுக்கும் நாளில் எல்லாரும் சொந்தக்காரர்கள். வண்டி கவிழ்ந்த மறுநாள் எல்லாரும் எதிர்க்கட்சி. கிளெய்ம் கேட்டு ஒரு தடவையாவது படியேறி இறங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பெங்களூரில் எம்.ஏ. தத்துவம் பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட்டுக்காகத் தங்கவயலில் காத்திருந்தேன். பஜாரில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்த சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை. "வீட்டில் எல்லாரோடும் சண்டை போடுகிறாய். அதையே ஆபீஸில் உட்கார்ந்து போடேன்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். உட்கார்ந்த வாரமே ஒரு லாரி கவிழ்ந்தது.

முனுசாமி கொண்டு வந்த சேதி

சவுரியம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே லாரி. பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து ராகியும் கடலைக்காயும் ஏற்றி வந்து பஜாரில் இறக்குவதுதான் பிழைப்பு. டிரைவர் முனுசாமி ஒருநாள் மத்தியானம் ஆபீசுக்கு வந்தார். சட்டையெல்லாம் புழுதி, முழங்கையில் ஒரு சிராய்ப்பு. நிதானமாக உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, காலையில் எதிரே எருமை வந்ததையும், தான் ஒடித்துத் திருப்பியதையும், வண்டி பள்ளத்தில் இரண்டு முறை உருண்டதையும், தான் அதற்கு முன்பே குதித்துவிட்டதையும் சொன்னார்.

"இது காலையில் நடந்ததாச்சே, இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். எனக்குக் கோபம். மூட்டைகளைப் பொறுக்கி, நாலு மாட்டு வண்டி பிடித்து, கூடவே நடந்து வந்தாராம். முகத்தில் வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி. "லோடு பூரா கடைக்கு வந்து சேந்துடுச்சும்மா. லாரிதான் வரல."

ஓனர் யார்?

சேதத்தை மதிப்பிட பெங்களூரிலிருந்து கம்பெனி சர்வேயர் வந்தார். வெள்ளை பேண்ட், தோல்பை. நாற்காலியில் என்னைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் தேடி, "ஆபீஸில் ஆம்பளை யாரும் இல்லையா?" என்றார். "இருக்கிறார், மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறார். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கப் போகிறீர்களா?" என்றேன். அவர் எதிர்ப்பக்கம் திரும்பி, அங்கே உட்கார்ந்திருந்த சவுரியம்மாவிடம், "உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு, ஓனரிடம்தான் பேச வேண்டும்" என்றார்.

சவுரியம்மாவின் கணவர் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். லாரி இந்த அம்மாள் பெயரில், இந்த அம்மாள் சம்பாத்தியத்தில் வாங்கியது. நான் பேச வாயைத் திறப்பதற்குள் அவரே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "சார், லாரி கவுந்தப்ப ஓனர் ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுக்கினு கவுரல. நீங்க மட்டும் இன்னாத்துக்கு கேக்கறீங்க?"

மரியாதை

விஷயம் இதுதான். லாரி முழுச் சேதம், இனித் தேறாது என்று சர்வேயர் எழுதினால் பாலிசித் தொகை முழுதும் வரும். சவுரியம்மா இன்னொரு லாரி வாங்கலாம். ரிப்பேர் செய்யலாம் என்று எழுதிவிட்டால் ஏதோ கொஞ்சம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். கடலைக்காய் சீசன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான், சர்வேயர் வரும்வரை வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

சவுரியம்மா வீடு இருந்த லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பாதிப்பேர் நந்திதுர்க் சுரங்க வொர்க்‌ஷாப் ஆட்கள். லாரியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வீட்டெதிரே நிறுத்தியிருந்தார்கள். சர்வேயரோடு போய்ப் பார்த்தால், வண்டி குளித்துவிட்டு நிற்கிறது. பானெட்டைத் தட்டி நிமிர்த்தி, உடைந்த கண்ணாடியைப் பெயர்த்து எடுத்து, முன்பக்கம் பச்சை பெயிண்ட் அடித்து, சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள். சர்வேயர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, நல்லாத்தானே இருக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒன்றாக வந்தன. வொர்க்‌ஷாப் மேஸ்திரி மைக்கேல் அண்ணன் மனம் நொந்துபோனார். "பெரிய மனுசன் பெங்களூர்லேர்ந்து வர்றாரு. அவருக்கு நசுங்கன மூஞ்சியவாம்மா காட்டறது?"

கை விடாத ஆட்கள்

மைக்கேல் அண்ணனை ஓரமாக அழைத்துப் போய், "அண்ணே, சர்வேயர் கேட்டால் இது தேறாது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கெஞ்சினேன். சவுரியம்மாவுக்காக உயிரையே கொடுப்பார். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வராது. கூட இருந்த ஃபிட்டர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு இயந்திரத்தை முடியாது என்று சொல்வது அவர்களுக்குச் சொந்தப் பிள்ளையைக் கைவிடுவது மாதிரி.

"நந்திதுர்க்குல வெள்ளக்காரன் வேணாம்னு வுட்டுட்டுப் போன கம்ப்ரஸர இன்னிக்கும் ஓட்டறேன். என்னப் போயி முடியாதுன்னு சொல்லச் சொல்றியேம்மா."

என்ன மிஞ்சும்?

சர்வேயர் கேட்டார்: "இதை ஓட வைக்க முடியுமா?" லைனே ஒரே குரலில் முடியும் என்றது. அவர் பேனாவைத் திறந்தார். இவர்களைப் பொய் சொல்ல வைக்க முடியாது. சரி, உண்மையையே முழுசாகச் சொல்ல வைப்போம் என்று, "எப்படி ஓட வைப்பீர்கள், சாருக்கு வரிசையாகச் சொல்லுங்கள்" என்றேன்.

அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் உற்சாகமாகிவிட்டார்கள். சேஸி வில்லாட்டம் வளைஞ்சி கீது, அத்த வீசிட்டு வேற சேஸி. இன்ஜின் பிளாக் வெடிச்சி கீது, வேற இன்ஜின். கேபின் புதுசா கட்டிக்கலாம். முன் ஆக்ஸில்? வேற. கியர் பாக்ஸ்? அதுவும் வேற. ரேடியேட்டரை ஒட்டலாமா மாற்றலாமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து, கடைசியில் மாற்றலாம் என்று முடிவானது. சர்வேயர் பேனா எழுதாமல் நின்றது. "அண்ணே, அப்போ இந்த லாரியில் என்னதான் மிஞ்சும்?" என்று கேட்டேன். எல்லாரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். மைக்கேல் அண்ணன் எங்கிருந்தோ ஒரு பேட்டரியைக் கொண்டு வந்து கம்பியைத் தொட்டார். பாம் என்று ஒரு சத்தம். வேலியோரம் நின்ற கோழிகள் சிதறி ஓடின. சர்வேயர் சிரித்துக்கொண்டே 'முழுச் சேதம்' என்று எழுதினார். மைக்கேல் அண்ணன் அது எதையும் கவனிக்காமல் பெருமையாக நிமிர்ந்து நின்றார்: "ஹாரன் ஒரிஜினல்மா. அதுல கையே வெக்க மாட்டோம்."

ஒரு வரி

சீசனுக்கு முன்பே பணம் வந்தது, லாரியும் வந்தது. லைனே கூடி நின்று பார்த்தது. ஃபிட்டர்கள் மட்டும் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வேலை எதுவும் இல்லையே என்று சோர்ந்த முகத்தோடு எழுந்தார்கள். முதல் லோடு இறக்கிய கையோடு சவுரியம்மா ஆபீசுக்கு வந்தார். மேஜையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை வைத்துவிட்டு, புது வண்டிக்குப் பாலிசி எழுதச் சொன்னார். எழுதி, ஒவ்வொரு ஷரத்தையும் படித்துக் காட்டினேன். கடலையை உடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் கண்ணு. கவுந்தா நம்ம லைன் ஆளுங்க கண்ணுல படாத எடமாப் பாத்துக் கவுரணும்னு கடைசில ஒரு வரி சேத்துடு."

ஊரே தேறும் என்று சொன்ன ஒரு லாரியைத் தேறாது என்று நிரூபிக்கத்தான் நான் எம்.ஏ. வரை படித்திருக்கிறேன் போலிருக்கிறது.