டாப் கியரைப் பிடித்த கை

ஆழ்வார்குறிச்சியில் அரிசி மில், அம்பாசமுத்திரத்தில் உரக்கடை, பாளையங்கோட்டையில் மாடி வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கட்டியது இத்தனையும். மில்லுக்கு அஸ்திவார வானம் தோண்டும்போது சிரித்தவர்கள் இன்று அங்கேதான் நெல் அரைக்க வருகிறார்கள். ஆனாலும் நான் செய்ததிலேயே பெரிய காரியம் எட்டு வயதில் செய்தது. அதை மட்டும் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

போன வாரம் என் மகன், ஆசைப்பட்டு வாங்கிய பழைய வண்டியில் கியர் சரியாக விழவில்லை என்று போனில் புலம்பினான். அதே வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இதே புலம்பல்தானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் மாமாவின் ஜீப்பில் கியர் விழும், நிற்காது. டாப்பில் போட்டுக் கையை எடுத்தால் கியர் ராடு துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். இன்ஜின் கத்தும், வண்டி தளரும்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மைக்கு இடுப்பு வலி கண்ட அன்று, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். கிடைத்தது அந்த ஜீப்தான். பின்னால் அம்மையும் அத்தையும். மாமா என்னை முன்னால் தூக்கி வைத்தார்.

“ஏலே, ராடை உன் பக்கமா இழுத்துப் பிடி. திரும்பிப் பாத்தியோ, தொலைச்சுப்பிடுவேன்.”

“சின்னப் பயல நம்பியா போறிய?” என்றாள் அத்தை.

“இன்னைக்கு அவன்தான் டிரைவரு, நான் கிளீனரு. நீ அவளப் பிடி.”

‘விடுலே’ என்றால் விட்டேன், ‘பிடிலே’ என்றால் பிடித்தேன். அம்மை கத்தும்போதெல்லாம் இன்னும் இறுக்கினேன். சேரன்மாதேவி தாண்டியதும் அம்மையின் சத்தம் நின்றுபோயிற்று. கழுத்து தானாகத் திரும்பப் போயிற்று. “ராடு துள்ளுதுலே!” என்று மாமா அதட்டினார். அம்மை மயங்கிக் கிடந்தது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் என் விரல்களை அவர்தான் பிரித்து எடுத்தார். சாயங்காலம் தங்கச்சி பிறந்தாள், அம்மையும் பிழைத்தாள்.

பல வருசம் கழித்து மாமா ஜீப்பை விற்றபோது சீட்டுக்கு அடியில், டயர் டியூபில் அறுத்த ரப்பர் வார் ஒன்று கிடந்தது. ராடைச் சீட்டோடு சேர்த்து மாட்டினால் டாப் கியர் அசையாமல் நிற்கும். தினமும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். அன்றைக்கு ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன்.

“மாட்டியிருந்தா நீ பின்னாலதானலே பாத்துக்கிட்டு வந்திருப்ப?”

எட்டு வயதுக்கு இதெல்லாம் எங்கே புரியும்? என்னை நம்பி ஒரு காரியத்தைக் கையில் கொடுத்த முதல் மனுசன் அவர். இன்றைக்கும் அவரை நினைக்காமல் நான் மில் பூட்டைத் திறப்பதில்லை.

வருகிற தை மாதம் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். மாமா தன்னைக் காப்பாற்றிய கதையைத் தங்கச்சி மைக்கில் சொல்லத்தான் போகிறாள். சொல்லட்டும், அவரையே முதலில் சொல்லட்டும். ஆனால் பாளையங்கோட்டை வரைக்கும் டாப் கியரைப் பிடித்து வந்தது அண்ணன் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வார் சீட்டுக்கு அடியில் கிடந்தது. பிடித்தது என் கை.