இராக்கம்மா சொல்லாமல் விட்டது

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து இராக்கம்மாவுக்குக் கோப்பி மெஷினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அடி வாங்கித் தெரிந்துகொண்டதுதான்.

பெய்ரூத்தில் ஒரு வீட்டில் ஏழு வருடம் வேலை செய்தாள். காலையில் மேடத்துக்குச் சின்னக் கோப்பையில் கறுப்புக் கோப்பி வேண்டும். மேலே நிற்கும் நுரை தேன் நிறத்தில் இருக்க வேண்டும். வெளிறிப் போனால் கன்னத்தில் ஒன்று விழும். கசந்தால் இரண்டு. பாலைச் சூடாக்கும் ஆவிக்குழாயைத் துடைக்க மறந்த ஒரு நாள், மேடம் அவள் மணிக்கட்டை இழுத்து அந்தக் குழாய்க்கு நேரே பிடித்துத் திறந்துவிட்டாள். தோல் உரிந்து வந்தது. அன்றிலிருந்து இராக்கம்மா அந்த மெஷினை எதிராளியைப் பார்ப்பது மாதிரி பார்க்கத் தொடங்கினாள். எந்த முனகலுக்கு என்ன அர்த்தம், தூள் எவ்வளவு நைசானால் தண்ணீர் எவ்வளவு திணறும், எப்போது தொடலாம், எப்போது கிட்டவே போகக்கூடாது, எல்லாம் அவளுக்கு அத்துப்படியானது. கடைசி இரண்டு வருடம் அவள் மேல் ஒரு அடி விழவில்லை.

ஊருக்கு வந்தபோது புருஷன் போய்ச் சேர்ந்திருந்தான். மகளைப் பசறையில் கட்டிக் கொடுத்தாயிற்று. தோட்டத்து லயத்தில் ஒரு காம்பராவில் ஒண்டியாக இருந்துகொண்டு மறுபடி கொழுந்து பறிக்கப் போனாள். அப்படியிருந்தவளைத் தேடித்தான் ஒரு நாள் பதுளையிலிருந்து வான் வந்தது. வந்தவர் புவனேந்திரன். கட்டட வேலைகளைக் கொந்தராத்து எடுத்துச் செய்பவர். ஹாலிஎலப் பக்கம் போகிற ரோட்டில் மாடிவீடு கட்டியிருந்தார்.

"ஒனக்கு அந்தக் கோப்பி மெஷின் தெரியுமாமே?"

"தெரியும்ங்க ஐயா."

"அப்ப கெளம்பு. வீட்டோட இருந்து சமைக்கணும், மெஷினப் பாத்துக்கணும்."

வெள்ளி மாதிரி மின்னிய அந்த மெஷின் மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. இராக்கம்மா பட்டனைத் தட்டினாள். பம்ப் உறுமியது. தண்ணீர் மட்டும் நூலாகத்தான் வந்தது.

"கெணத்துத் தண்ணிதானே ஊத்துனீங்க? உள்ளுக்குச் சுண்ணாம்பு புடிச்சிருக்கு."

தொட்டியில் பாதி தண்ணீர், பாதி வினாகிரி ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, மறுபடி ஓடவிட்டாள். மூன்றாம் தடவை வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் விழுந்தன. தூள் போடும் கிண்ணம் வைத்த கைப்பிடியை மாட்டும் வாயோரம் தண்ணீர் கசிந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் கல்லாக இறுகிப் போயிருந்தது. அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போய், மொஹிதீன் நானா கடையில் அளவு பார்த்து ஒன்று வாங்கி வந்து மாட்டினாள். அன்று மாலை நுரை தேன் நிறத்தில் நின்றது. புவனேந்திரன் குடித்துவிட்டுச் சிரித்தார்.

அவர் பெண்டாட்டி மதுஷாவுக்கு இருபத்தேழு வயது. அதிகம் பேசாத பிள்ளை. நீளக் கை வைத்த சட்டைதான் எப்போதும் போடுவாள். பதுளை வெயிலில் இது என்ன பழக்கம் என்று இராக்கம்மா நினைத்தாள். இரண்டாவது வாரம் விடை கிடைத்தது.

அன்று பால் சரியாகச் சூடேறவில்லை. ஆவிக்குழாயின் நுனித் துளையில் காய்ந்த பால் அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்தால் சரியாகிவிடும் சின்ன விஷயம். புவனேந்திரன் ஒரு மடக்குக் குடித்துக் கோப்பையை வைத்தார். எழுந்து, பக்கத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்த மதுஷாவின் பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். ஒரு தடவைதான். பல் உதட்டைக் கிழித்துப் பாணில் இரத்தம் சொட்டியது.

"நாந்தான் ஐயா போட்டேன்! அம்மா போடல!" என்று இராக்கம்மா கத்தினாள்.

"வேலைக்கு வச்சவள அடிச்சா ஊர் பேசும். இவதானே ஒன்னப் பாத்துக்கணும்" என்றார் அவர், கை கழுவிக்கொண்டே.

பெய்ரூத்தில் தன் தவறுக்குத் தான் அடி வாங்கினாள். இங்கே தன் தவறு இன்னொருத்தியின் முகத்தில் விழுந்தது. இதைத் தாங்குவது அவளுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. விடியும் முன்பே எழுந்து குழாயைக் குத்துவாள், வடிகட்டியைத் தேய்ப்பாள், முதல் கோப்பியைத் தானே குடித்துப் பார்த்துக் கொட்டுவாள். மெஷின் பிசகாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் சோற்றில் உப்பு கூடினாலும், போனை எடுக்கப் பிந்தினாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த ஆளுக்குக் கை நீண்டது. ஒரு தடவை இடுப்புப் பட்டியின் இரும்புக் கொக்கியால் அடித்தார். மதுஷா மூன்று நாள் குப்புறத்தான் படுத்தாள்.

"ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிருங்களேன்" என்றாள் இராக்கம்மா, மருந்து தடவிக்கொண்டே.

"ரெண்டு தரம் போனேன். அங்க வந்து எங்க அம்மாவையும் அடிச்சாரு."

ஏழெட்டு மாதம் இப்படியே போனது. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

புவனேந்திரன் புதுக் கோப்பிக் கொட்டை வாங்கி வந்திருந்தார். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, இன்று தானே போடுவதாகச் சொன்னார். கிரைண்டரைக் கடைசி வரைக்கும் திருகி, தூளை மாவாக அரைத்தார். கைப்பிடிக்குள் கொட்டி உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினார்.

"ஐயா, அவ்வளவு நைசா..." என்று இராக்கம்மா தொடங்கினாள்.

"வாய மூடு!"

பட்டனைத் தட்டினார். பம்ப் உறுமியது, பிறகு உறுமல் அடிக்குரலுக்கு இறங்கியது. ஒரு சொட்டும் விழவில்லை. மறுபடி தட்டினார். இல்லை. இறுகிப்போன தூளுக்கு மேலே கொதிதண்ணீர் வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. சில மெஷின்கள் அந்த அழுத்தத்தைத் தாங்களே வெளியேற்றும். இது அப்படி இல்லை. ஆவிக்குழாயைத் திறந்து மூச்சு விடவைக்க வேண்டும், இல்லை ஆறும்வரை விட்டுவிட வேண்டும். அதற்கு முன் கைப்பிடியைத் தொடக்கூடாது. அந்த வீட்டில் இது தெரிந்த ஒரே ஆள் இராக்கம்மா.

"நீ இதில கை வச்சியா?" என்று மதுஷாவைப் பார்த்துத் திரும்பினார்.

"இல்லீங்க, நான் கிட்டவே..."

பால் கொதிக்க வைக்கும் இரும்புச் சாடியை எடுத்து எறிந்தார். நெற்றியில் பட்டுப் பிளந்தது. அவள் சுவரோடு சரிந்து விழுந்தாள். விழுந்தவளின் வயிற்றில் எட்டி உதைத்தார், ஒன்று, இரண்டு. குறுக்கே விழுந்த இராக்கம்மாவைப் பிடித்துத் தள்ளினார். பிறகு மூச்சு வாங்கியபடி மெஷினிடம் போய், குனிந்து பார்த்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றினார்.

'தொறக்காதீங்க' என்ற ஒரு சொல் போதும். அது இராக்கம்மாவின் தொண்டைவரை வந்தது. அவள் மதுஷாவைப் பார்த்தாள். இரத்தம் கண்ணுக்குள் வழிய, அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இராக்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர் வெடுக்கென்று திருகினார்.

வேட்டுச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. கொதிக்கும் தூளும் ஆவியும் அவர் முகத்திலும் கழுத்திலும் அப்பின. மாடு அலறுவதுபோல் அலறிக்கொண்டு கண்ணைப் பொத்தியபடி தரையில் உருண்டார். முகத்திலிருந்து கையை எடுத்தபோது தோலும் கையோடு வந்தது.

அதற்குப் பிறகு இராக்கம்மா ஒரு நொடியும் நிற்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தினாள், அவர் தலையைக் குழாயடிக்கு இழுத்துப் போய் விடாமல் தண்ணீர் விட்டாள், மதுஷாவின் நெற்றியில் துணி கட்டினாள், ஆட்டோவைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். இடது கண் பாலூற்றின மாதிரி வெளுத்திருந்தது. வந்ததும் அடுப்படிக்குத்தான் போனார்.

"நீ இங்கதானே நின்ன. வெடிக்கும்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. இராக்கம்மா அவருடைய நல்ல கண்ணைப் பார்த்தாள்.

"தெரியும்."

அந்தக் கைப்பிடியையே எடுத்து அடித்தார். கனமான பித்தளை. தலையைக் காக்கத் தூக்கிய அவள் வலக்கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது பின்னாலிருந்து மதுஷா அடுப்பில் இருந்த இரும்புத் தாச்சியைத் தூக்கி அவர் தோளில் போட்டாள். அவர் முழங்காலிட்டு விழுந்தார். அவள் மறுபடி போட்டாள். மறுபடியும்.

"போதும் தங்கச்சி! செத்துருவான், விடுங்க!" இராக்கம்மா ஒற்றைக் கையால் அவளைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்தாள். செருப்பில்லாமல் ரோட்டுக்கு இறங்கிய இரண்டு பேரும் வந்த முதல் ஆட்டோவை மறித்து நேரே பொலிசுக்குப் போனார்கள்.

வழக்கில் புவனேந்திரனுடைய சட்டத்தரணி மதுஷாவை விட்டுவிட்டு இராக்கம்மாவைத்தான் குடைந்தார். "ஆபத்து என்று தெரிந்தும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தானே?"

"ஆமாங்க. தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்."

மன்றத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் அதற்கு மேல் ஒரு காரணமும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார்கள். கை முறித்ததற்கும் பெண்டாட்டியை அடித்ததற்கும் அந்த ஆளுக்குச் சிறை கிடைத்தது. மதுஷா பிரிந்து அம்மாவோடு ஹாலிஎலயில் இருக்கிறாள். கடையொன்றில் கணக்கு எழுதப் போகிறாள். இப்போது அரைக்கைச் சட்டைதான்.

இராக்கம்மாவின் கை சரியாகப் பொருந்தவில்லை. கொழுந்துக் கூடை தூக்க முடியாததால், காலையில் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகும் பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிறாள். மதுஷா வந்து போகும்போது ஒரு தடவை கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு ஏன் சொல்லல?"

ஆட்டிக்கொண்டிருந்த தூளியை இராக்கம்மா பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லியிருக்கணும். ஒரு மனுசனோட கண்ணு." பிறகு குழந்தையின் மேல் துணியை இழுத்துவிட்டாள். "ஆனா மறுபடி அப்படியே நடந்தா, அப்பவும் சொல்ல மாட்டேன் தங்கச்சி."