தண்ணீரில் விழுந்த மாமா

நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அப்பா எங்களைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனார். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் காடு, படகில்தான் சுற்ற வேண்டும் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மூன்று வயதுத் தம்பி புதுத் தொப்பியைக் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் தங்கி டீச்சர் வேலை பார்த்த சித்தியும் உடன் வந்தார். அம்மாவின் தங்கை. காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று கொஞ்ச நாள் முன்புதான் அம்மாவிடம் அழுதிருந்தார். தட்டு கை தவறிவிடும் என்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் பஸ் மாறும்போது அப்பா செல்போனும் கையுமாகத் தள்ளிப்போய்ப் பேசினார். பிச்சாவரம் படகுத்துறையில் இறங்கினால் அப்பாவின் ஆபீஸ் நண்பர், தன் மனைவியோடும் தன் தம்பியோடும் நின்றிருந்தார்.

“அட, நீங்களும் இங்கியா!” என்றார் அப்பா. அவ்வளவு சத்தமாக அவர் ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை.

பெரியவர்கள் நால்வரும் ஒரு படகில் ஏறினார்கள். இன்னொன்றில் சித்தி, நாங்கள் இருவர், நண்பரின் தம்பியான அந்த மாமா. “புள்ளைங்கள நல்லா பாத்துக்க” என்று சித்தியிடம் சொன்ன அம்மா, என் காதருகே குனிந்து, “சித்திய வுட்டு நகராத” என்றார். யார் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் சித்திக்கும் மாமாவுக்கும் நடுவில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டேன்.

படகு கிளம்பியது. மாமா தண்ணீரையே பார்த்தார். சித்தி எங்கள் லைஃப் ஜாக்கெட் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். வாய்க்கால் குறுகி, மரங்கள் தலைக்கு மேல் கூடிக்கொண்டன. விரல்கள் போல இறங்கியிருந்த வேர்களில் நண்டுகள் ஏறின. நான் நண்டைக் காட்டிக் கத்திய நேரம், ஒரு கிளை தம்பியின் தொப்பியைத் தட்டித் தண்ணீரில் போட்டது. அவன் காடே அதிர அழுதான்.

மாமா சட்டென்று எழுந்தார். “சார், எழுந்திரிக்காதீங்க!” என்று படகுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் தொப்பென்று விழுந்துவிட்டார். முதலை தின்றுவிடும் என்று நான் அலறினேன். முழுகி எழுந்து நின்றபோது தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் கால்கள் சேற்றில் வசமாக மாட்டிக்கொண்டன. தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்து அவர் தம்பியைப் பார்த்து முழித்தார். தம்பியின் அழுகை பாதியில் நின்றது.

“நான் இந்தப் பக்கம் சாஞ்சுக்கிறேன், நீ கைய புடிச்சு இழும்மா” என்றார் படகுக்காரர். சித்தி இழுத்தார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்துக்கொண்டே இழுத்தார்.

“ஏங்க, ஆளு வுழுந்து கெடக்கிறேன், சிரிக்கிறீங்களே?”

“எங்கங்க வுழுந்தீங்க? நின்னுக்கிட்டுல்ல இருக்கீங்க!”

அதற்குப் பிறகு இருவரும் வாயை மூடவே இல்லை. நான் காட்டிய கொக்கை ஒருவரும் பார்க்கவில்லை. “நான் வேலைய வுட மாட்டேன்” என்றார் சித்தி, திடீரென்று. “யாரு வுடச் சொன்னது?” என்றார் சேறு சொட்டிய மாமா. யாருமே சொல்லவில்லை என்று நானும் சித்திக்கு எடுத்துச் சொன்னேன்.

கரையேறியதும் அம்மாவிடம் ஓடிப்போய், சித்தி அந்த மாமாவின் கையைப் பிடித்து இழுத்ததையும் சிரித்ததையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். சித்திக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார். அப்பா, கேட்காமலேயே எனக்கு இரண்டு ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஆவணியில் ஒரு நாள் தாம்பூலத் தட்டுகளோடு ஒரு கூட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நடுவில் வெள்ளை வேட்டியில் அவர். “அய்யோ, இது தண்ணியில வுழுந்த மாமா!” என்று நான் கத்தியதும் வீடே சிரித்தது. எத்தனையோ ஊர்கள் இருக்க, அவர் எங்கள் வீட்டையே தேடி எப்படி வந்து சேர்ந்தார் என்று ஒருவர்கூட வியக்கவில்லை. பெரியவர்களுக்கு எதுவுமே ஞாபகம் இருப்பதில்லை என்று எண்ணி, அன்று அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் போய்ப் பிச்சாவரக் கதையை முதலிலிருந்து சொன்னேன்.