நான் நிற்காத வெயில்

எங்கள் ஊரில் படித்த பையன்கள் ஆசிரியர் வேலைக்குக் காத்துக் கிடந்தபோது, நான் உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு இலங்கை இராணுவத்தில் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. காலாட்படையில் சாதாரணச் சிப்பாய். எங்கள் அணியில் தமிழ் பேசுபவன் நான் ஒருவன்தான். வீரத்தைப் பற்றி ஏராளமாக வாசித்திருந்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அது தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு காலை, சாகாமம் போகும் பாதையில், சைக்கிளில் யூரியா உர மூட்டையோடு வந்த கமக்காரர் ஒருவரை மறித்தோம். வெடி செய்ய இயக்கக்காரர்கள் யூரியா கடத்துகிறார்கள் என்று எச்சரிக்கை வந்திருந்த நாட்கள். சார்ஜன்ட் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். என் பேச்சைக் கேட்டதும் அவருக்கு முகம் தெளிந்தது.

"தம்பி நம்மட பக்கம் போல. வயலுக்குத்தான் தம்பி. இண்டைக்கு எறியாட்டிப் பயிர் மஞ்சளாப் போயிரும். நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க."

சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் என்னைப் பார்த்து, "உண்மையா?" என்றார்.

உண்மைதான். எங்கள் வயலுக்கும் யூரியா எறிந்ததாக வாப்பா அந்த வாரம்தான் கடிதம் எழுதியிருந்தார். ஆனால், என் மொழிக்காரர்களுக்குப் பரிந்து பேசுவேன் என்று முகாமில் என்னை நக்கலடித்திருந்தார்கள்.

"தெரியாது சேர்" என்றேன்.

சார்ஜன்ட் அவரை ட்ரக்கில் ஏற்றச் சொன்னார். அதில் ஏறுகிறவர் எப்போது வீடு திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. அப்போது என்னோடு படையில் சேர்ந்த ஒல்லிப் பையன், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயி மகன், குறுக்கே வந்து நின்றான். கமக்காரரின் முழங்கால்வரை காய்ந்திருந்த சேற்றைக் காட்டினான்.

"இது வயல் சேறு சேர். எங்கள் வீட்டிலும் இப்போது இதைத்தான் எறிவார்கள். கொண்டுபோவதென்றால் என்னையும் ஏற்றுங்கள்."

குரல் நடுங்கியது. கால் நகரவில்லை.

கமக்காரரை விட்டுவிட்டார்கள். அவனை முழுச் சுமையோடு பின்னேரம் வரை வெயிலில் நிறுத்தினார்கள். நான் காவலரண் நிழலில் இருந்தேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் லீவில் வீட்டுக்கு வந்தேன். மாமி மகன் சும்மா இருப்பானா?

"என்ன மச்சான், ஒங்கள அங்க சோறாக்கவா வெச்சிருக்கானுகள்? ஒரு சண்டைக் கதையாவது சொல்லுங்களன்."

சொன்னேன். 'ஒருத்தன்' என்று தொடங்கிய கதை, சேற்றைக் காட்டும் இடத்தில் 'நான்' ஆகிவிட்டது. வாய் தவறவில்லை, தெரிந்துதான் மாற்றினேன். வெயிலில் நின்றதையும் சேர்த்துக்கொண்டேன்.

மச்சானின் சிரிப்பு நின்றது. "மெய்யாவா?"

"ஓம்."

குசினி அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த உம்மா வந்து என் சட்டைக் கொலரை விலக்கிப் பார்த்தார்.

"கழுத்தெல்லாம் கருகிக் கிடக்கே மகன். கடிதத்துல ஒரு வார்த்த எழுதல்லியே."

ரோந்து போகும் எல்லோருக்கும் இருக்கிற கறுப்புத்தான் அது. தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். நான் சட்டையைக் கழற்றினேன். அவர் பூசுவதற்கு வசதியாகக் குனிந்தும் கொடுத்தேன்.