ஹாரன் அக்காவின் இடது கண்

பணிமனையில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பெயர். பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள் ஒரு நாளும் ஹாரனில் கை வைத்ததில்லை, அதனால் அந்தக் கேலிப் பெயர். குறுக்கே திரும்பப் போகிற சைக்கிளோ, கதவைத் திறக்கப் போகிற காரோ, எதுவானாலும் அவள் கண்ணில் முன்கூட்டியே பட்டுவிடும். கால் அதற்குள் பிரேக்குக்குப் போயிருக்கும். பிறகு எதற்குக் கத்த வேண்டும் என்பாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளில் சிறிய வண்டி ஏதாவது ஓட்டிப் பழகலாமே என்று பயிற்சியாளர் கரிசனமாகச் சொன்னார். அவளோ பதினோரு மீட்டர் பேருந்தைப் பின்னோக்கி எடுத்து, கொட்டகையின் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரே மூச்சில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் யோசனை சொல்லவில்லை.

அப்படிப்பட்ட கண்ணில்தான் அழுத்த நோய் இருந்தது. படிக்கிற கண்ணாடிக்கு எண் மாற்றப் போன இடத்தில் தெரிய வந்தது. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேறும் வழி அடைத்துக்கொண்டு, உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நசுக்குகிறது என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். வலி இருக்காதாம். ஓரத்திலிருந்து பார்வை சத்தமில்லாமல் கழன்றுகொண்டே போகுமாம். இடது கண்ணில் கொஞ்சம் ஏற்கெனவே போய்விட்டது.

“போனது போனதுதான். இனிமே போகாம பாத்துக்கலாம்,” என்றார். சொட்டு மருந்தும் உண்டு, லேசரும் உண்டு, முதலில் எது வேண்டும் என்று கேட்டார். லேசர் என்ற சொல்லே அன்று அவளுக்குப் பிடிக்கவில்லை. சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மருந்து வேலை செய்ததோ இல்லையோ, கண் இரண்டும் சிவந்து போயின. இரண்டாம் மாதம் ஒரு பயணி, ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று புகார் எழுதிப் போட்டார். மேலாளர் கூப்பிட்டு ஊதச் சொன்னார். கருவி பூஜ்யம் காட்டியது. தூசி விழுந்தது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பொய் அவள் வாய்க்கு வரவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து அவளுக்குப் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் வேலை. பார்வைப் பரப்புச் சோதனை எடுத்து வாங்க, அப்புறம் பார்க்கலாம், உங்க நல்லதுக்குத்தாம்மா என்றார் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை. தன் கோப்பில் ஒரு விபத்து ஏறிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. அந்த ‘நல்லதுக்குத்தான்’ அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தங்கியது.

சோதனை அறை இருட்டு. ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கை மட்டுமே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது புள்ளி வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இதென்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தாள். ஒன்றையும் விடவில்லை என்று தெம்பாக எழுந்தும் வந்தாள். சோதனை எடுத்த பெண் தாளைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“அக்கா, நடுவுல பாக்கச் சொன்னா, நீங்க உள்ள ஸ்டாப்பிங்ல யாராவது நிக்கிறாங்களான்னு தேடிட்டு இருந்திருக்கீங்க.”

உண்மைதான். இடது கண்ணாடி, சாலை, வலது கண்ணாடி, உள் கண்ணாடி, மறுபடி சாலை. பத்தொன்பது வருடம் இப்படிச் சுற்றிய கண் ஓரிடத்தில் நிற்குமா? வெளிச்சத்தை அது துரத்தித் துரத்திப் பிடித்திருக்கிறது. ‘நம்பத்தக்கதல்ல’ என்று தாளின் தலையில் அச்சாகியிருந்தது. சோதனையைத்தான் நம்ப முடியாது என்று அதற்கு அர்த்தம். மேலாளர் ஓட்டுநரை நம்ப முடியாது என்று படித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில், கண்ணைச் சிவக்க வைக்கிற சொட்டு மருந்து போதும், லேசர் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு வேலையே லேசரில்தான், தகடு வெட்டும் பட்டறையில். மறுநாள் பத்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“விளிம்பைத் தொட்டுப் பாரு. அரை நிமிஷம் ஆகல இதை வெட்ட. இதைக் கண்ணுக்குள்ள விடப் போறியா?”

அவள் தொட்டுப் பார்த்தாள். வழுவழுவென்றுதான் இருந்தது. “கவுண்டர்ல உக்காந்து கண்ணு முழுசா இருந்து என்ன செய்யப் போறேன்?” என்றாள். “கூட வர்றதுன்னா வாங்க. இல்லன்னா பஸ் இருக்கு.”

கூட வந்தார். டாக்டரம்மாவிடம் பட்டறைக் கணக்கில் கேள்வி கேட்டார். எத்தனை வாட், எத்தனை நேரம், புகை எந்தப் பக்கம் போகும் என்றார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு மின்னலும் கண் சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. எதையும் வெட்டாது. அடைத்திருக்கும் வடிகால் சல்லடையை உசுப்பிவிடும், மற்றதை உடம்பே பார்த்துக்கொள்ளும். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. பலித்தாலும் சில வருடத்தில் தேய்ந்து போகலாம், அப்போது மறுபடி செய்யலாம். கணவர் தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து பட்டறைப் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மூடிய கதவுக்கு வெளியே அது எதற்கு என்று கேட்க நர்ஸுக்கு மனம் வரவில்லை.

உள்ளே கண்ணை மரத்துப்போக வைக்கிற சொட்டு விட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொன்னார்கள். குளிர்ந்த பசையோடு ஒரு சிறிய கண்ணாடி விழிமேல் வந்து உட்கார்ந்தது. பிறகு பச்சை வெளிச்சமும் ‘டிக் டிக்’ சத்தமும். அவள் எண்ணத் தொடங்கி எழுபதில் விட்டுவிட்டாள். மங்கலாக இருந்த கண் சாயங்காலத்துக்குள் தெளிந்தது. இரண்டு வாரம் கழித்து அடுத்த கண். ஆறு வாரம் கழித்து அளந்தபோது, சொட்டு மருந்தையும் நிறுத்திய பிறகு, இருபத்தெட்டில் இருந்த அழுத்தம் பதினேழில் நின்றது. சிவப்பும் போயிருந்தது.

மறுபடி அந்தக் கிண்ணம். இந்த முறை கண்ணை அசைக்க மாட்டேன் என்று உறுதியோடு உட்கார்ந்தாள். அசைக்காவிட்டால் பார்வையில் விழுந்த ஓட்டை தாளில் அப்படியே விழும் என்பது தெரியும். விழட்டும். மஞ்சள் விளக்கை முறைத்தாள். வலது கண் சுலபமாகப் போனது. இடது கண்ணில், சில இடைவெளிகளில் எதுவுமே வரவில்லை. வரவில்லையா, வந்தும் தெரியவில்லையா? இந்த நொடி எங்கோ ஒரு வெளிச்சம் மின்னி அணைகிறது, அது எனக்கு இல்லை. கழுத்து வியர்த்தது. பக்கவாட்டில் ஒரு தரம் பார்த்துவிடு என்று கண் கெஞ்சியது. பார்க்கவில்லை. ஏழு நிமிடம், ஸ்டியரிங்கை இறுக்குவது போல் பொத்தானை இறுக்கியபடி இருந்தாள்.

தாள் வந்தது. இடது கண்ணில் மூக்குப் பக்கம் மேல் மூலையில் கறுப்புத் திட்டு. வலது கண் முழுசு. இரண்டும் சேர்ந்தால் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேவையான பரப்புக்கு மேலேயே இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மேலாளர் மூன்று தரம் படித்தார். கவுண்டரில் நிழல் இருக்கிறது, உட்கார்ந்த வேலை, இத்தனை வருடம் ஓட்டியது போதாதா என்றார்.

“பேப்பர் சரியில்லன்னு வண்டியை வாங்கினீங்க. இப்போ பேப்பர் சரியா இருக்கு சார், வண்டியைக் குடுங்க.”

“அந்தக் கறுப்பு பெருசாச்சுன்னா?”

“பெருசாச்சுன்னா சாவியை நானே கொண்டுவந்து இந்த மேஜைல வைப்பேன். நீங்க கேக்க வேண்டியதில்ல. அதுவரைக்கும் கேக்கவும் கேக்காதீங்க.”

அவர் சாவிப் பலகையைப் பார்த்தார். அவளே எழுந்து போய்த் தன் சாவியை எடுத்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறி மூன்று கண்ணாடிகளையும் திருத்தினாள். வாசலில் வண்டியைத் திருப்பும்போது, முன்பு போல ஓரக்கண்ணால் பார்க்காமல், தலையை முழுதாக இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள்.

“என்ன ஹாரன், லைசென்ஸ் நேத்துதான் வாங்குனியா?”

“ஆமா,” என்றாள். “ஆறு மாசத்துக்கு.”

இன்னொரு தரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வண்டியைச் சாலையில் இறக்கினாள்.