குச்சியும் மச்சானும்

வாடகைக் கார் ஓட்டும் அவருக்கு ஸ்டாண்டில் வைத்த பெயர் குச்சி. தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஆயிலின் அளவு பார்க்கும் குச்சியை உருவி, கால்சட்டையின் வலது முழங்காலில் துடைப்பார். மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பல வருடப் பழக்கம். அந்த முழங்கால் கறையைத் துவைத்துத் துவைத்து மனைவி கைவிட்டுவிட்டாள்.

பார்ப்பாரே தவிர ஆயிலை மாற்றமாட்டார். "அளவு குறையல, எதுக்கு மாத்தணும்? என் இன்ஜின் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காது."

இரவில் அதே காரை ஓட்டியவன் மனைவியின் தம்பி. இரண்டு வீட்டு அடுப்பும் அந்தக் காரை நம்பித்தான் எரிந்தது. ஆனாலும் இருவருக்கும் ஆகாது.

ஒரு நாள் காலை மச்சான் சொன்னான்: "மாமா, ஆயில் தார் மாதிரி இருக்கு. இறக்கிட்டுப் புதுசு ஊத்திடலாம்."

"நேத்து ஸ்டியரிங் பிடிச்சவன் எனக்குச் சொல்ல வந்துட்டான். இது ஆயில் குடிக்குதுன்னு காட்டு, பகல் சாவிய உன் கையில குடுத்துடறேன்." ஸ்டாண்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"சரி மாமா" என்றான் மச்சான்.

அதற்கப்புறம் குச்சியில் ஆயில் இறங்க ஆரம்பித்தது. குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க்கோட்டைத் தொட்டது. அதையும் தாண்டியது. மச்சான் தினமும் கதவில் சாய்ந்தபடி கேட்பான்: "எப்படி இருக்கு மாமா?"

"ஜம்முனு இருக்கு."

ஆயில் வாங்கலாம்தான். ஆனால் கடை ஸ்டாண்டை ஒட்டி இருந்தது; கடைக்காரன் வாய் சும்மா இருக்காது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயில் எச்சரிக்கையின் சிவப்பு விளக்கு எரிந்தபோது, "பல்பு கோளாறு" என்று சவாரிக்காரரிடம் சொல்லி அதன் மேல் டேப் ஒட்டினார்.

மறுநாள் நடுரோட்டில் இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டு இறுகி நின்றது.

மெக்கானிக் திறந்து பார்த்தபோது உள்ளே கறுப்புக் களி. மச்சான் நிதானமாகச் சொன்னான்: "இத்தனை நாளா குறையற ஆயிலை ராத்திரி ராத்திரி நான்தான் ஊத்திட்டு இருந்தேன். அன்னிக்கு நீங்க பேசினதோட நிறுத்திட்டேன்."

"பாவி, சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"கேட்டேனே மாமா, தினமும்."

மச்சான் காட்டிய ஆயில் டப்பாவைப் படித்துவிட்டு மெக்கானிக் இருவரையும் பார்த்தார். "நீ ஊத்தினது லாரி ஆயில். இந்தச் சின்ன இன்ஜினுக்கு அது ஆகாது. இவர் பழசை இறக்கவே இல்ல. ரெண்டு பேருமா சேர்ந்து கொன்னிருக்கீங்க."

மச்சான் கையை நீட்டினான். அவர் சாவியை அவன் கையில் வைக்கவில்லை, தரையில் போட்டார்.

இப்போது காரில் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். பகலில் மச்சான் ஓட்டுகிறான்; கார்ப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயிலை, போட்டிருக்கும் கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறான். அவருக்கு இரவு. பேச்சுவார்த்தை கிடையாது, சாவியை மனைவிதான் வாங்கிக் கொடுக்கிறாள். பானெட்டைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை.