முடி இறக்கிய வாரம்

தில்லையம்மாள் முந்நூறு நாடகங்களுக்கு மேல் நடித்தவள். ஒரு சினிமாவிலும் நடித்தாள். நடித்தாள் என்று சொல்லலாமா என்று கேட்டால் அவளே கொஞ்சம் யோசிப்பாள்.

கடலூர் முதுநகருக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தாள். அப்பா சாமிக்கண்ணு கட்டுமரம் ஏறுகிறவர். அம்மா ராணியம்மாள் மீன் விற்கிறவள். தில்லையம்மாளின் புருஷன் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பினாங்குக்குப் போனான். முதல் வருஷம் மூன்று கடிதங்கள் வந்தன. பிறகு வரவில்லை. அம்மாவின் கூடையில் பாதி இவள் தலைக்கு மாறியது.

மஞ்சக்குப்பத்தில் பொன்னுரங்கத்தின் சீன் கடை இருந்தது. நாடகங்களுக்குப் படுதா, டோப்பா, தாடி, கிரீடம் எல்லாம் வாடகைக்கு விடுவார். பெண் வேஷத்துக்கு ஆள் வேண்டுமென்றால் அதையும் ஏற்பாடு செய்வார். ஒரு நாள் காலை கடைக்குள் உட்கார்ந்து டோப்பாவுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் தெருவில் மீன் கூவுகிற குரல் கேட்டு எழுந்து வெளியே வந்தார்.

"யாரும்மா அது? மூணு தெருவுக்குக் கேக்குது."

"சங்கரா இருக்கு, மத்தி இருக்கு. வேணுமா, வேணாமா?"

"மீன் வேணாம். கொரலு வேணும்."

"வாங்கிக்கண்ணே. அது ஒண்ணுதான் நாறாத சரக்கு."

இப்படித்தான் நாடகத்துக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது.

நாடகம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிகள், துறைமுகத்து ஆட்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள். ஆண்கள் எல்லாரும் ஒரு மாதம் ஒத்திகை பார்ப்பார்கள். வாடகைக்கு வருகிற நடிகை கடைசி ஒத்திகைக்கு மட்டும் வருவாள். அதுவரை அவள் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைப்பார்கள். கதாநாயகன் நாற்காலியிடம் காதலைச் சொல்வான். மகன் நாற்காலியின் காலில் விழுவான். தில்லையம்மாள் வந்து நின்றதும் வசனம் மறந்துபோகும்.

"நாற்காலியா இருந்தா பயமில்லீங்க" என்று நெல்லிக்குப்பத்தில் ஒருவன் சொன்னான்.

"அப்ப நாற்காலியவே வெச்சிக்க. நான் போயி உக்காந்துக்குறேன்" என்றாள்.

மேடைக்கு நடுவில் ஒரே ஒரு மைக் தொங்கும். வசனம் வந்தால் ஆளாளுக்கு நகர்ந்து அதன் அடியில் வந்து நிற்பார்கள். சாகக் கிடக்கிறவன்கூட எழுந்து மைக்குக்குக் கீழே வந்து செத்தான். தில்லையம்மாள் நகரமாட்டாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

முப்பது வயதுவரை கதாநாயகி. பிறகு அண்ணி. பிறகு அம்மா. ஒவ்வொன்றுக்கும் ஒரு டோப்பா. தன் சொந்த முடியை, அது இடுப்புக்குக் கீழே தொங்கியது, இறுக்கிச் சுற்றித் துணி கட்டி டோப்பாவுக்குள் திணித்துக்கொள்வாள். மேடையில் அவள் முடியை யாரும் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷக் கடைசியில் அழைப்புகள் குறைந்தன. அவளுக்கு முப்பத்தாறு நடந்துகொண்டிருந்தது.

"நெய்வேலியிலேர்ந்து ரெண்டு பொண்ணுங்க வந்திருக்குது, தில்லை. பசங்க அதுங்களத்தான் கேக்குறானுங்க" என்றார் பொன்னுரங்கம்.

"அம்மா வேஷத்துக்குமா?"

"அம்மாவும் சின்னதா இருந்தா தேவலங்கறான்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"உன் பேருக்கு முன்னால 'சினிமாப் புகழ்'னு ஒரு வார்த்தை போட முடிஞ்சா கதையே வேற. ஒரு சீன் போதும். வசனம்கூட வேணாம். மூஞ்சி தெரியணும், அவ்ளோதான். பத்து வருஷம் ஓட்டிடலாம்."

இதை அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். திருப்பாப்புலியூரில் ஒற்றை அறை வீடு. அப்பா போன பிறகு அம்மாவும் அவளோடுதான் இருந்தாள். ராணியம்மாள் கேட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்தே திருவந்திபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தேவநாதா, எம் பொண்ணு மூஞ்சி சினிமாவுல வந்தா அவ முடியக் குடுக்குறேன்."

வேண்டிக்கொண்டது அம்மா. முடி மகளுடையது. அது இருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. திருப்பதிக்குப் போக வழியில்லாதவர்கள் முடி கொடுக்கிற இடம் திருவந்திபுரம். அங்கே கெடிலம் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அடுத்த தை மாதம் சிதம்பரத்துக்கு ஒரு சினிமா கம்பெனி வந்தது. ஊருக்குக் கிழக்கே வயல் நடுவே போகிற வண்டிப்பாதையில் படப்பிடிப்பு. சென்னையிலிருந்து வந்த அம்மா நடிகைக்கு வந்த இடத்தில் காய்ச்சல். அங்கே நாடகம் போடுகிற சிற்றம்பலம் என்ற குமாஸ்தா தில்லையம்மாளின் பெயரைச் சொன்னார். பொன்னுரங்கம் அவளை முதல் பஸ்ஸில் அனுப்பிவைத்தார்.

டைரக்டர் அவளைச் சுற்றி வந்து பார்த்தார். "முடி சொந்த முடியா?"

"ஆமாங்க."

"அவிழுங்க."

அவிழ்த்தாள். அவர் கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வேஷம் அவளுக்கு.

மகனைப் பண்ணையாரின் ஆட்கள் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தாய் தலைவிரி கோலமாக வயல் பாதையில் நடந்து பண்ணையார் வீட்டுக்குப் போகிறாள். போய், "எம் புள்ளைய எங்கடா வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறாள். இதுதான் காட்சி. சின்ன வேஷக்காரர்கள் சொந்தப் புடவையில்தான் நடிக்க வேண்டும். தில்லையம்மாள் தன் செங்கல் நிற நூல் புடவையை உடுத்தி, முந்தானையைக் கல்லில் தேய்த்துக் கிழித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் நடந்தாள். பின்னாலிருந்து எடுத்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து எடுத்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பாதை முடிவில் நின்று, எதிரே தூரத்தில் இருந்த கேமராவைப் பார்த்து அந்த வசனத்தைச் சொன்னாள். வயலில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. எல்லாரும் சிரித்தார்கள்.

"நல்லாயிருக்கும்மா. பக்கத்துல எடுக்கும்போது இதுல கால்வாசி போதும்" என்றார் டைரக்டர்.

அவள் தலையாட்டினாள். புத்திமதி என்று நினைத்துக்கொண்டாள். வெளிச்சம் போனதும் உதவியாளர் வந்து, "முடிஞ்சுதும்மா, போயிட்டு வாங்க" என்றார். நாடகத்தில் படுதா விழுந்தால் முடிந்தது. ஒரு காட்சியின் கால் சிதம்பரத்திலும் தலை சென்னையிலும் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"எடுத்துட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"எடுத்துட்டாங்க."

"மூஞ்சி?"

"எதுத்தாப்புல மிஷினு இருந்துச்சிம்மா."

"அப்ப தள்ளிப் போடக்கூடாது. வர்ற சனிக்கிழமை போயிடலாம்."

தில்லையம்மாள் ஒரு நிமிஷம் முடியைத் தொட்டுப் பார்த்தாள். பெட்டியில் ஆறு டோப்பாக்கள் இருந்தன. நடிப்புக்கு முடி எதற்கு என்று தோன்றியது. சனிக்கிழமை கெடிலக் கரையில் குனிந்து உட்கார்ந்தாள். முடி மடியில் விழுந்து தரையில் வழிந்தது. அம்மா மொட்டைத் தலையில் சந்தனம் தடவினாள். தலை குளிர்ந்தது.

புதன்கிழமை பொன்னுரங்கம் கடைக்குக் கடிதம் வந்தது. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்தார். பாக்கி நெருக்கக் காட்சிகளை வெள்ளிக்கிழமை சென்னையில் எடுக்கிறோம். பண்ணையாரின் ஆள் தங்கள் முடியைப் பிடித்து இழுக்கும் காட்சியும் அதில் உண்டு. தலைமுடியும் புடவையும் மாறாமல் வரவும்.

படித்து முடித்து நிமிர்ந்தார். அவள் தலையில் போட்டிருந்த துண்டைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் டோப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

இருப்பதில் நீளமானது ஒரு சாவித்திரி வேஷத்துக்கு வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு போனாள்.

சென்னையில் மேக்கப்காரர் நல்லவர். அரை மணி நேரம் பசை தடவி, நெற்றியோரம் பவுடர் அப்பிப் பார்த்தார். டைரக்டர் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு, "டோப்பா ஓரம் தெரியுது" என்றார். பண்ணையாரின் ஆளாக நடித்தவன் மெதுவாகத்தான் பிடித்தான். டோப்பா அவன் கையோடு போனது. கருத்த முகமும் வெளிறிய மொட்டையுமாக விளக்குகளுக்கு நடுவே நின்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"ஏம்மா, கடிதாசி வர்றவரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்றார் டைரக்டர்.

"வேண்டுதலுங்க."

அவர் உதவியாளரைக் கூப்பிட்டு வேறு ஆளை வரவழைக்கச் சொன்னார். கதாநாயகனும் இருக்கிற காட்சி. அன்று சாயங்காலம்வரைதான் அவர் இருப்பார். பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் காரில் வந்து இறங்கினாள். தில்லையம்மாள் வயதுதான். முடி நீளம் குறைவு, ஆனால் சொந்த முடி.

உதவியாளர் தில்லையம்மாளிடம் வந்தார். கொஞ்சம் தயங்கினார். "அந்தப் புடவைய மட்டும் குடும்மா. சாயங்காலம் திருப்பிக் குடுத்துடறோம்."

மறைவில் போய் அவிழ்த்துக் கொடுத்தாள். மாற்றுப் புடவையைக் கட்டிக்கொண்டு, அது திரும்பி வருகிறவரை ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். புது அம்மாளுக்கு அந்த வசனம் வரவில்லை. நான்கு முறை எடுத்தார்கள். அவள் வியர்த்துப்போய் இவள் பக்கம் வந்தாள்.

"அக்கா, நீங்க எப்படிச் சொன்னீங்க?"

தில்லையம்மாள் சொல்லிக் காட்டினாள், கால்வாசிக் குரலில். அந்த அம்மாள் அப்படியே போய்ச் சொன்னாள். டைரக்டர் "ஓகே" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ராணியம்மாள், "எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "முடிஞ்சுது" என்றாள். அம்மா அதற்குள் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். வேண்டுதல்தான் கெடுத்தது என்று அந்த வயதில் அவளிடம் எப்படிச் சொல்வது? இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று எட்டு மாதம் போயிற்று.

புரட்டாசியில் மஞ்சக்குப்பம் தியேட்டருக்குப் படம் வந்தது. அந்த வாரமே சிதம்பரத்தில் ஒரு நாடகம் இருந்தது. பொன்னுரங்கம் நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். சினிமாப் புகழ் தில்லையம்மாள்.

"வேணாம்ணே."

"அச்சாயிடுச்சே, தில்லை."

ராணியம்மாள் குப்பத்திலிருந்து பத்துப் பெண்களை அழைத்துக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்கு வந்தாள். தில்லையம்மாளை நடுவில் உட்காரவைத்தார்கள். வெற்றிலையும் வேர்க்கடலையுமாக இடைவேளை கழிந்தது. அதற்குப் பிறகுதான் வயல் பாதை வந்தது.

திரை முழுக்க அவள் முதுகு. முடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. காற்று அதைத் தூக்கிப் போட்டது. அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"தில்லைடி! நம்ம தில்லை!"

"நடையப் பாரு, கூடை தூக்குன நடை!" என்றாள் குப்பு, குப்பத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவள்.

ராணியம்மாள் திரையைக் கும்பிட்டாள். முதுகு பண்ணையார் வீட்டு வாசலுக்குப் போயிற்று. அடுத்து முகம் வந்தது.

பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"இது யாருடி?" என்றாள் ராணியம்மாள், உரக்க. முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூஞ்சிக்கு வேற ஆளும்மா."

"ஏன்? உன் மூஞ்சிக்கு என்னா கேடு?"

திரையில் அந்த அம்மாள் வசனத்தைச் சொன்னாள். தில்லையம்மாள் சொல்லிக் காட்டியபடியே சொன்னாள்.

வெளியே வெயில். வீட்டுக்கு நடந்தார்கள். குப்பு சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். "முதுகுன்னா என்னா இப்ப? எங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுதில்ல? அந்தப் பொம்பள சரியாவே சொல்லல." கெடிலம் பாலத்தில் ஏறியதும் ராணியம்மாள் நின்றாள்.

"தப்பு எம்மேலதான்."

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று தில்லையம்மாள் நினைத்தாள். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"முடிய முன்னாடியே குடுத்துட்டேன். கைக்கு வந்தப்புறம் அவன் ஏன் செய்வான்? படம் கொட்டகைக்கு வந்தப்புறம்தான் குடுத்திருக்கணும். பாதி செஞ்சி பாதி வுட்டுட்டான் பாரு."

ஆற்றில் தண்ணீர் குறைவு. மேற்கே திருவந்திபுரம் இருக்கும் திசையைப் பார்த்து ராணியம்மாள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"அடுத்த படத்துல முழு மூஞ்சியும் காட்டிடு சாமி. எம் முடி, எம் பொண்ணு முடி, ரெண்டும் தர்றேன். இந்தத் தரம் பாத்துட்டுத்தான் தருவேன்."

கையை இறக்கி மகளிடம் திரும்பினாள். தில்லையம்மாளின் முடி காதை மறைக்கிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. ராணியம்மாள் அதைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"நீயும் சரின்னு சொல்லு. உன் முடி இல்லியா?"

பத்துப் பெண்களும் காத்திருந்தார்கள்.

"சரிம்மா" என்றாள்.

மறுபடி நடந்தார்கள். தில்லையம்மாள் முன்னால் போனாள். அந்தப் பெண்கள் அவளை முந்தாமல், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.